ஹாட் டப்பும் ஒரு கிட்காட் ஃபியூஸும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கினது பாதி, புடுங்காதது மீதின்னு ஓடிட்டு இருக்கு. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல கொசுவத்தி வேற சுத்தும். காபி போட்டு எடுத்துட்டு வந்துருங்க.

விஷயம் என்னன்னா, எங்க அத்தான் ஒரு ஹாட் டப் வாங்கிட்டார்.

அக்காவும் அத்தானும் இருக்கிறது வட கரோலினாவில் ராலேக்குப் பக்கத்துல கேரி. நான் இருக்கிறது ஷார்லட். நடுவுல ரெண்டரை மணி நேர டிரைவ். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு.

"மாப்ள, நீ ஈ.ஈ.ஈ. தானே படிச்ச?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். படிச்சது ஈ.ஈ.ஈ., பொழப்பு ஜாவா. காலேஜ்ல மெஷின்ஸ் லேப்ல மோட்டாரைத் திருப்பிச் சுத்த வச்சு வாத்தியாரை ஓட விட்டவன் நான். ஆனா சொந்தக்காரங்களுக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. மிக்ஸி ஓடலையா, டிவி வரலையா, "தம்பி ஈ.ஈ.ஈ. தானே"ன்னு கூப்பிட்டுருவாங்க.

"ஆமா அத்தான், சொல்லுங்க."

"ஒரு ஹாட் டப் கிடைச்சுது. பழசுதான். தொள்ளாயிரம் டாலர். வயரிங் பண்ண எலெக்ட்ரீஷியன் ரெண்டாயிரத்து இருநூறு கேக்கான். டப்பை விட வயரு விலை ஜாஸ்தி, பாத்துக்க. நாம ரெண்டு பேரும் ஒரு வீக்கெண்ட்ல முடிச்சிருவோமா?"

அக்கா கையால மீன் குழம்பு சாப்பிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. "சரி அத்தான்"னு சொல்லிட்டேன்.

ஹாட் டப் பாக்காதவங்களுக்காக ஒரு வரி. ஆறு பேர் உக்கார்ற பெரிய தொட்டி, அதுல வெந்நீர், பக்கவாட்டுல இருந்து பீய்ச்சி அடிக்கிற தண்ணி. இந்த ஊர்ல குளிர்காலத்துல கொல்லைப்பக்கம் வச்சுட்டு கழுத்து வரைக்கும் முங்கி உக்காந்திருப்பாங்க. நம்மூர்ல குத்தாலத்துல போய் நிக்கிறோம்ல, அதை வெந்நீராக்கிப் பெட்டிக்குள்ள போட்டா எப்படி இருக்கும், அது.

சனிக்கிழமை காலையில போய்ப் பாத்தேன். டப் நல்லாத்தான் இருந்துச்சு. பழைய ஓனர் கூடவே ஒரு சாம்பல் கலர் பெட்டியையும் கழட்டிக் குடுத்திருந்தார். ஸ்பா பேனல்னு சொல்வாங்க. வீட்டு மெயின் பேனல்ல இருந்து வர்ற கரண்ட் முதல்ல இந்தப் பெட்டிக்கு வந்து, அப்புறம்தான் டப்புக்குப் போகும். மூடியைத் திறந்து பாத்தா, உள்ள 50 ஆம்பியர் பிரேக்கர் ஒண்ணு. சாதாரண பிரேக்கர். "டெஸ்ட்"னு எழுதின பட்டன் இருக்கணும். அது இல்ல.

"அத்தான், இது ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் இல்லியே?"

"ஆமா மாப்ள, அந்த ஆளே சொன்னான். முன்னாடி இருந்தது அடிக்கடி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சாம். தொல்லைன்னு எடுத்துட்டு இதைப் போட்டுட்டானாம். மூணு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

சொல்லும்போது அத்தான் முகத்துல ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் கை சில்லுன்னு ஆயிருச்சு. ஏன்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு குட்டி கிளாஸ். பயப்படாதீங்க, சமன்பாடெல்லாம் கிடையாது. ஒரே ஒரு வகுத்தல் மட்டும் வரும்.

பிரேக்கர் எதுக்கு இருக்கு? நம்மளக் காப்பாத்தன்னுதான் முக்காவாசி பேர் நினைக்கிறாங்க. நாலு வருஷம் ஈ.ஈ.ஈ. படிச்ச எத்தனை பேர் இதை யோசிச்சிருப்பாங்கன்னு எனக்கே சந்தேகம். பிரேக்கர் காப்பாத்துறது வயரை. வயர் தாங்குறதுக்கு மேல கரண்ட் போனா சூடாகித் தீப்பிடிக்கும், அதுக்கு முன்னாடி நிறுத்து. அதுக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான். 50 ஆம்பியர் பிரேக்கர்னா 50,000 மில்லி ஆம்பியர் வரைக்கும் அது வாயே திறக்காது.

இப்போ மனுஷன் பக்கம் வாங்க. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துல சார்ல்ஸ் டால்ஸீல்னு ஒரு பேராசிரியர் இருந்தார். எவ்வளவு கரண்ட் பாய்ஞ்சா கையை விட முடியாமப் போகும்னு தன்னார்வலர்களை வச்சே அளந்து பாத்தவர். (நம்ம காலேஜ்ல இன்டர்னல் மார்க்குக்கு ரெக்கார்ட் நோட்டோட விட்டாங்களேன்னு சந்தோஷப்பட்டுக்கணும்.) அவர் அளந்ததுல சராசரியா ஆம்பளைக்கு 16 மில்லி ஆம்பியர், பொம்பளைக்குப் பத்தரை மில்லி ஆம்பியர். அதுக்கு மேல போனா தசை இறுகிக்கும். விடணும்னு நினைச்சாலும் கை விடாது. இன்னும் கொஞ்சம் கூடினா மூச்சு, அப்புறம் இதயம்.

16 எங்க, 50,000 எங்க! மனுஷன் செத்துப் பல மணி நேரம் ஆனாலும் பிரேக்கருக்குத் தெரியாது. அதோட அகராதியில எல்லாம் நார்மல்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அதே டால்ஸீல் 1961-ல் ஜி.எஃப்.சி.ஐ.ங்கிற சமாச்சாரத்தைக் கண்டுபிடிச்சார். ஐடியா ரொம்ப சிம்பிள். நம்ம பாஷையில சொன்னா செக்சம். போன கரண்ட் எவ்வளவு, திரும்பி வந்த கரண்ட் எவ்வளவுன்னு கூட்டிக் கழிச்சுப் பாக்கும். ரெண்டும் சமமா இருந்தா ஓகே. குறைஞ்சா, எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். அந்த ஒழுகல் ஒரு ஆள் உடம்பு வழியா இருக்கலாம். 6 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே கண் இமைக்கிறதுக்குள்ள கட் பண்ணிரும். இங்க நீச்சல் குளத்துக்குள்ள இருக்கிற விளக்குக்கு இது கட்டாயம்னு 1968-லேயே எலெக்ட்ரிக்கல் கோட்ல எழுதிட்டாங்க.

ஹாட் டப்புக்கு இது ஏன் உயிர் மாதிரின்னா, தண்ணிக்குள்ள உக்காந்திருக்கிறவன் உடம்பு ஊறிப் போயிருக்கும். காஞ்ச தோல் கரண்ட்டைக் கொஞ்சமாவது தடுக்கும். ஊறின தோல் கதவைத் திறந்து விட்டுரும். அந்தத் தண்ணிக்கு ரெண்டடி பக்கத்துல 240 வோல்ட்ல ஓடுற ஹீட்டரும் மோட்டாரும் இருக்கு.

அப்போ அந்தப் பழைய ஓனர் வீட்டுல மூணு வருஷம் ஏன் ஒண்ணும் ஆகல? ஒழுகின கரண்ட் பச்சை வயர், அதாவது எர்த் வழியா ஒழுங்கா வெளியே போயிட்டு இருந்திருக்கும். ஒரே ஒரு பச்சை வயர். அதோட ஒரே ஒரு ஸ்க்ரூ. அது துருப்பிடிச்சுக் கழண்ட அன்னிக்கு உள்ள யார் உக்காந்திருந்தாங்களோ, அவங்கதான் அடுத்த பச்சை வயர்.

இதை நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. இனிமே கொசுவத்தி.

எங்க ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி போர், அதுக்கு ஒரு சிங்கிள் ஃபேஸ் மோட்டார், பக்கத்துல சிமெண்ட் தொட்டி. 2007-ன்னு நினைக்கேன். எனக்குப் பத்து வயசு, அக்காவுக்குப் பதினாலு. அந்தக் கோடையில மோட்டார் போட்டாலே அடிக்கடி ஃபியூஸ் போகும். பழைய பீங்கான் கிட்காட் ஃபியூஸ். அப்பா வேலைக்குப் போயிருவார். அம்மாவுக்கு ஃபியூஸ்னா பயம். ஆக, கேரியரைப் புடுங்கி மெல்லிசுக் கம்பியைச் சுத்தி மாட்டுற வேலை நம்மளது. நாலு தடவை மாட்டினதும் சலிச்சுப் போச்சு. ஐயாவுக்கு ஒரு ஐடியா உதிச்சுது. பழைய வயர் ஒண்ணை உரிச்சு, உள்ள இருந்த செம்பு இழை அஞ்சாறை ஒண்ணா முறுக்கி, மொத்தமா மாட்டி விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்ல.

"எம்புள்ள என்ஜினீயரு"ன்னு அம்மா தெரு பூரா சொன்னா. நான் ஈ.ஈ.ஈ. எடுத்ததுக்கு அந்த ஒரு வரிதான் காரணம்னு இன்னிக்கும் நினைக்கேன்.

ரெண்டு வாரம் போயிருக்கும். மோட்டார் தண்ணி இழுக்கல. அக்கா தாவணியை இடுப்புல செருகிட்டு, ஈரக் கையோட பைப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தா. நான் உள்ள நின்னு சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தம் வந்துச்சு. கத்தல்னு சொல்ல முடியாது. தொண்டைக்குள்ளேயே மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பாத்தா அக்கா கை பைப்போட ஒட்டியிருக்கு. உடம்பு நடுங்குது. நான் அப்படியே நிக்கேன். பக்கத்து வீட்டுத் தாத்தா ஓடி வந்து மெயினை இறக்கினார்.

அக்கா பொழைச்சுட்டா. உள்ளங்கையில ஒரு தழும்பு மட்டும். இப்பவும் இருக்கு.

சாயங்காலம் ஒயர்மேன் அண்ணாச்சி வந்து பாத்தார். மோட்டார் காயில்ல லீக், பாடியில கரண்ட் வருது. எர்த் கம்பி பைப்போட சேர்ற இடத்துல கருகி அத்துப் போயிருக்கு. அப்புறம் ஃபியூஸ் கேரியரைப் புடுங்கிப் பாத்துட்டு, "எந்தப் பய இவ்ளோ மொத்தமா கட்டுனது?"ன்னு கேட்டார். அப்பா, போன தடவை வந்த வேலைக்காரப் பையன் கட்டியிருப்பான்னு சொன்னார். நான் தூணுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். வாயைத் திறக்கல.

காலேஜ்ல எர்த்திங் பாடம் நடத்துன அன்னிக்குத்தான் எனக்கு முழுசா விளங்குச்சு. சரியான ஃபியூஸ் இருந்திருந்தாலும், அக்கா கை வச்ச அந்த நொடியில அது காப்பாத்தியிருக்காது. மில்லி ஆம்பியர்ல ஃபியூஸ் உருகாது. ஆனா அந்தக் கோடை பூரா ஃபியூஸ் ஏன் போச்சு? மோட்டார் லீக் ஆகி, எர்த் வழியா கரண்ட் பாய்ஞ்சு, ஃபியூஸ் ஒவ்வொரு தடவையும் "இங்க ஏதோ சரியில்ல, பாரு"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கு. நான் அது வாயை அடைச்சேன். நிக்காம ஓடின கரண்ட் எர்த் கம்பியைக் கருக்கி அத்துவிட்டுருச்சு. அப்படித்தான் நடந்திருக்கணும். பதினெட்டு வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

இப்போ புரியுதா, அந்தச் சாம்பல் பெட்டியைப் பாத்ததும் கை ஏன் சில்லுன்னு ஆச்சுன்னு? கடல் தாண்டி வந்து அதே கிட்காட் ஃபியூஸ் என் முன்னாடி நிக்குது.

"அத்தான், ஜி.எஃப்.சி.ஐ. இல்லாம நான் ஒரு வயரைக் கூடத் தொட மாட்டேன். பெர்மிட் எடுப்போம். பேனல் வேலையை லைசென்ஸ் இருக்கிற ஆள் பண்ணட்டும். மண்ணு தோண்டுற வேலையை நாம பண்ணுவோம். காசு கொஞ்சம் மிச்சமாகும்."

அத்தான் மூஞ்சி தொங்கிருச்சு. இருந்தாலும் சரின்னுட்டார். எலெக்ட்ரீஷியனும், குழியை நாங்களே தோண்டினா ஆயிரத்து அறுநூறுக்கு முடிச்சுத் தர்றேன்னார். ஐம்பது வயசு மனுஷர், நிதானமா பேசுவார். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன். இந்த ஊர்ல ஹாட் டப் வாங்குற ஐடியா இருக்கிறவங்க குறிச்சுக்குங்க.

1. மண்வெட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி 811-க்கு போன் போடணும். இலவசம். தரைக்கடியில எது எங்க ஓடுதுன்னு கலர் அடையாளம் போட்டுட்டுப் போவாங்க. சிவப்புன்னா கரண்ட், மஞ்சள்னா கேஸ், நீலம்னா குடிதண்ணி. நாங்க தோண்டலாம்னு முதல்ல நினைச்ச இடத்துல மஞ்சள் கொடி நட்டுட்டுப் போனாங்க. அத்தான் அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னார்.

2. பி.வி.சி. பைப்புக்குள்ள வயர் போகுதுன்னா 18 அங்குல ஆழம் வேணும். கரோலினா செம்மண் களிமண்ணு மாதிரி ஒட்டும். பொட்டி தட்டுற கைக்கு 18 அங்குலம்ங்கிறது பாதாள லோகம். ரெண்டு நாள் இடுப்பு நிமிரல.

3. வயர் நாலு. உயிருள்ளது ரெண்டு, ஒவ்வொண்ணும் 120 வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல 240. அப்புறம் வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். 50 ஆம்பியருக்கு 6-ம் நம்பர் செம்பு வயர் போட்டார். (இங்க நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். ஏன்னு கேக்காதீங்க.)

4. நியூட்ரலும் எர்த்தும் சேர்ற இடம் வீட்டு மெயினில் மட்டும்தான். ஸ்பா பேனலுக்குள்ள ரெண்டையும் சேர்த்துட்டா, நியூட்ரல்ல போக வேண்டிய கரண்ட் பச்சை வயர்லயும் ஓடும். டப்போட உலோகமெல்லாம் அந்தப் பச்சை வயரோடதான் கட்டியிருக்கு.

5. டப்புக்குப் போற நியூட்ரலை ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர்லயே மாட்டணும். பிரேக்கர்ல இருந்து சுருண்டு தொங்குற வெள்ளை வயரைத்தான் நியூட்ரல் பட்டையில மாட்டணும். நிறையப் பேர் டப் நியூட்ரலை நேரா பட்டையில மாட்டிருவாங்களாம். திரும்பி வர்ற கரண்ட் பிரேக்கர் கண்ணுல படாது. கணக்கு உதைக்கும், உடனே ட்ரிப். "பிரேக்கர் சரியில்ல"ன்னு தூக்கிப் போட்டுட்டு சாதா பிரேக்கரை மாட்டிருவாங்க. "நான் பாத்த பாதி கேஸ் இப்படித்தான்"னார்.

6. ஆபத்துன்னா ஆஃப் பண்ற பெட்டி டப்புல இருந்து 5 அடிக்கு மேல தள்ளி, ஆனா கண்ணுல படுற இடத்துல இருக்கணும். தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே கை நீட்டித் தொட முடியக் கூடாது. ரிப்பேர் பாக்கிறவன் குனிஞ்சிருக்கும்போது யாரோ போய் ஆன் பண்ணவும் கூடாது. பக்கத்துல சாதா பிளக் பாயிண்ட் இருந்தா அது 6 அடியாவது தள்ளி இருக்கணும், அதுக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கட்டாயம்.

7. இதுதான் அத்தான் மனசை உடைச்சது. மரத் தளத்துல குழி மாதிரி வெட்டி, டப்பை உள்ள இறக்கி, தரையோட தரையா வைக்கணும்னு அவர் ஆசை. ரிசார்ட் போட்டோ எல்லாம் காட்டினார். எலெக்ட்ரீஷியன் டேப்பை எடுத்தார். டப்பைச் சுத்தி 30 அங்குலத்துக்குள்ள இருக்கிற தரையை விட டப்போட விளிம்பு 28 அங்குலமாவது உசந்து இருந்து, வெளியில தரைமேல வைக்கிறதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின டப்பா இருந்தா, சுத்துத் தரைக்குத் தனியா பாண்டிங் பண்ண வேண்டாம். இறக்கி வச்சா, சுத்தி செம்புக் கம்பி ஓட்டி எல்லாத்தையும் ஒண்ணா கட்டணும்.

அது என்ன பாண்டிங்? கரண்ட் கம்பியில காக்கா உக்காருதே, அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? ரெண்டு காலும் ஒரே வோல்டேஜ்ல இருக்கு. வித்தியாசம் இருந்தாத்தான் கரண்ட் பாயும். டப்புக்குள்ள ஒரு காலும் வெளித் தரையில ஒரு காலுமா ஏறி இறங்குற மனுஷனுக்கு ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் இருந்துறக் கூடாது. அதுக்காகத் தண்ணி, உலோகம், சுத்துத் தரை எல்லாத்தையும் ஒரே கம்பியில கட்டிப் போட்டு எல்லாரையும் காக்காவா ஆக்குறதுதான் பாண்டிங்.

அத்தான் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, "மேலயே இருக்கட்டும் மாப்ள, ரெண்டு படி வச்சு ஏறிக்குவோம்"னுட்டார்.

மூணாவது வீக்கெண்ட். பைப் புதைச்சாச்சு. புது ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் மாட்டியாச்சு. தண்ணி நிரப்பியாச்சு. பாப்பா ஸ்விம்மிங் டிரஸ், கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டு காலையில இருந்தே ரெடி. ஏழு வயசு. எலெக்ட்ரீஷியன் பிரேக்கரைத் தூக்கினார். பம்ப் ஓடுச்சு. ஹீட்டர் ஆன் ஆன அடுத்த நொடி... டக். ட்ரிப்.

மறுபடி தூக்கினார். மறுபடி டக்.

அத்தான் மெதுவா என் காதுல, தமிழ்ல, "மாப்ள, அந்தப் பழைய பிரேக்கர் கேரேஜ்லதான் கிடக்கு... சும்மா ஒரு நாளைக்கு மட்டும்... புள்ள காலையில இருந்து நிக்குது"ன்னார்.

அத்தானைத் தப்பா நினைக்காதீங்க. தங்கமான மனுஷர். ட்ரிப் ஆகுற எதையும் பாத்தா நம்ம எல்லாருக்கும் முதல்ல தோணுறது அதுதான். ஆபீஸ்ல டெஸ்ட் ஃபெயில் ஆனா கோடைத் திருத்தாம டெஸ்ட்டைக் கமெண்ட் பண்ணி விடுறோமா இல்லையா? நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன்!

அக்கா காபி டம்ளரோட பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. அவ கையைப் பாத்தேன். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, வாயில இருந்து கொட்டிருச்சு.

"அக்கா, அன்னிக்கு மோட்டார் ஃபியூஸை மொத்தமா கட்டுனது நான்தான்."

அக்காவுக்கு ஒரு நொடி புரியல. அப்புறம் புரிஞ்சுது. எல்லாத்தையும் சொன்னேன். ஃபியூஸ், எர்த் கம்பி, தூணுக்குப் பின்னாடி நின்னது. அத்தான் ஒண்ணும் பேசல. எலெக்ட்ரீஷியனுக்கு பாஷை புரியல, ஆனா ஏதோ குடும்ப விஷயம்னு தெரிஞ்சு டப்போட பக்கப் பலகையைக் கழட்டுற மாதிரி அந்தப் பக்கம் போயிட்டார்.

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பாத்தா. "ஏல, பத்து வயசுப் பய உனக்கு என்ன தெரியும்? அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பா உன் தோலை உரிச்சிருப்பாரு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, அத்தானைப் பாத்து, "அந்தப் பழைய பிரேக்கரை இன்னிக்கே குப்பையில போடுங்க"ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

எலெக்ட்ரீஷியன் பவரை அணைச்சுட்டு ஹீட்டர் வயர் ரெண்டையும் கழட்டிட்டு மறுபடி போட்டார். பம்ப் ஓடுச்சு, ட்ரிப் ஆகல. ஆக, குற்றவாளி ஹீட்டர். கழட்டின ஹீட்டர்ல மீட்டரை வச்சார். முனைக்கும் மேல் உறைக்கும் நடுவுல தொடர்பே இருக்கக் கூடாது. எட்டாயிரம் ஓம் காட்டுச்சு. முதல்ல சொன்னேனே ஒரு வகுத்தல், அது இதுதான். 120-ஐ எட்டாயிரத்தால வகுங்க. 15 மில்லி ஆம்பியர்.

டால்ஸீல் அளந்த 16 ஞாபகம் இருக்கா? அது ஆம்பளைக்கு. பொம்பளைக்குப் பத்தரை. பாப்பாவுக்கு எவ்வளவுன்னு நான் கணக்குப் போட விரும்பல.

அந்த ஹீட்டரோடதான் யாரோ மூணு வருஷம் உக்காந்து குளிச்சிருக்காங்க. ஜி.எஃப்.சி.ஐ. ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கு. தொல்லைன்னு கழட்டிட்டாங்க.

புது ஹீட்டர் வர ஒரு வாரம் ஆச்சு. பாப்பா ஒரு வாரம் என்கிட்ட பேசல. இன்ஸ்பெக்டர் வந்து, டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாத்து, டேப் வச்சு விளிம்பு உயரம் அளந்து, கையெழுத்துப் போட்டார். இப்போ மாசாமாசம் முதல் சனிக்கிழமை அந்த டெஸ்ட் பட்டனை அமுக்குறது பாப்பா வேலை. அமுக்கினா டக்குனு விழணும். விழலைன்னா அன்னிக்கு யாரும் இறங்கக் கூடாது. தண்ணிச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாதுங்கிறதும் அவ சட்டம்தான். பாப்பா இறங்குறப்போ இன்னும் குறைச்சு வைப்பாங்க.

கதை இத்தோட முடியல.

அன்னிக்கு ராத்திரி மீன் குழம்பு சாப்பிட்டுட்டு இருக்கும்போது அக்கா திடீர்னு கேட்டா. "ஏல, ஊர்ல அம்மா இப்பவும் பின்னாடி போய்த்தானே மோட்டார் போடுறா? அங்க இந்த டெஸ்ட் பட்டன் இருக்கா?"

சோறு தொண்டையில நின்னுருச்சு. ஃபியூஸை எடுத்துட்டு எம்.சி.பி. போட்டாச்சு, அது தெரியும். ஆனா எம்.சி.பி.யும் வயரைக் காப்பாத்துற ஜாதிதான். ஆளைக் காப்பாத்துறது, நம்மூர்ல ஆர்.சி.சி.பி.ன்னு சொல்வாங்க, 30 மில்லி ஆம்பியர்ல விழுறது, அது எங்க வீட்டுல இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். அம்மாவுக்கு ஏசி வாங்கிக் குடுத்தேன், பெரிய டிவி வாங்கிக் குடுத்தேன். சில ஆயிரம் ரூபா பெட்டி ஒண்ணு தோணல.

அப்பவே அப்பாவுக்கு போன் போட்டேன். அடுத்த வாரம் ஒயர்மேன் அண்ணாச்சியோட மகன் வந்து ஆர்.சி.சி.பி. மாட்டினான். மோட்டாருக்குப் புதுசா எர்த் குழி தோண்டிக் கம்பி இறக்கினான். போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தேன்.

மறுநாள் காலையில அப்பா போன்.

"தம்பி, நீ போடச் சொன்னது சும்மா சும்மா விழுதுப்பா. அம்மா கிரைண்டர் போட்டாலே விழுந்துருது. மாவு ஆட்ட முடியல. இதை எடுத்துட்டுப் பழையபடி விட்டுரலாமா?"

கொல்லைப்பக்கம் சிரிப்புச் சத்தம். பாப்பா தண்ணிக்குள்ள இருந்தா, அக்கா படியில உக்காந்து கையை மட்டும் தண்ணியில விட்டிருந்தா. தழும்பு இருக்கிற கை.

"அப்பா, அது விழட்டும். கிரைண்டரை மாத்துவோம்."

டிஸ்கி: இது எங்க வீட்டுக் கதை, வயரிங் கைடு இல்ல. எலெக்ட்ரிக்கல் கோட் பதிப்புக்குப் பதிப்பு மாறும், உங்க ஊர்ல எது அமல்ல இருக்கோ அதுதான் சட்டம். லைசென்ஸ் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க. குழி மட்டும் நீங்க தோண்டுங்க. அப்புறம் இந்தப் பதிவைப் படிச்ச கையோட ஊருக்கு ஒரு போன் போட்டு, "நம்ம வீட்ல டெஸ்ட் பட்டன் வச்ச பெட்டி இருக்கா?"ன்னு கேளுங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம்.